ஏலமலை நெட்வொர்க் புராணம்

கம்ப்யூட்டர் நெட்வொர்க் பாடத்தை அமெரிக்காவிலிருந்து ஆரம்பிப்பது உலக வழக்கம். விசா கிடைக்காதவர்கள் ஏலமலை மேலே இருக்கிற உடும்பஞ்சோலையிலிருந்து ஆரம்பிக்கலாம். போடியிலிருந்து ஜீப்பு இருக்கிறது.

1750இல் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் ராஜ்யத்தையே பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்தார். பெரிய மனசு. ஆனால் மிளகும் ஏலக்காயும் சர்க்கார் கையிலேயே இருக்கும்படி அந்த வம்சம் பார்த்துக்கொண்டது. ஏலமலையில் விளைகிற காய் முழுவதும் சர்க்காரிடம் வந்து சேரவேண்டும், சர்க்கார் கொடுத்ததை வாங்கிக்கொண்டு விவசாயி கும்பிடு போடவேண்டும், காய் ஆலப்புழைக்குப் போய் அங்கே ஏலம் போகும். இன்றைக்கு இதை மையச் சர்வர் முறை என்பார்கள். எல்லாம் ஒரே இடத்துக்குப் போகும், நடுவில் உட்கார்ந்திருப்பவர் வைத்ததே சட்டம்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை. ஏலமலையில் பயிர் செய்தவர்களில் நிறையப் பேர் கம்பம், போடி, தேவாரம் பக்கத்துத் தமிழர்கள். மேற்கே ஆலப்புழை எங்கோ கடலோரத்தில் கிடந்தது. கிழக்கே மலை இறங்கினால் சொந்த ஊர், சொந்த பந்தம், மடியில் ரொக்கத்தோடு வியாபாரி. காய் எந்தப் பக்கம் உருண்டிருக்கும் என்று சொல்லவேண்டுமா?

கிழக்கே இறங்க போடிமெட்டு ஒரு வழி, கம்பம்மெட்டு ஒரு வழி, குமுளி ஒரு வழி. இவை போக, ஆடு மட்டும் அறிந்த பாதைகள் ஏராளம். மொத்தச் சரக்கையும் ஒரே வழியில் அனுப்பினால், பிடிபட்டால் மொத்தமும் போச்சு. ஆகவே கடத்துகிறவன் முதலில் செய்யவேண்டிய காரியம் சரக்கைச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிப்பது. ஒவ்வொன்றும் தனித்தனி வழியில் போகட்டும். போடிமெட்டில் காவல் என்று தெரிந்தால் அடுத்த தலைச்சுமை வேறு பக்கம் திரும்பட்டும். எது முதலில் வருகிறது என்பது முக்கியமில்லை, கீழே இருக்கிறவர் எண்ணிப் பார்த்துக் குறைந்ததைச் சொல்லியனுப்பினால் போதும்.

இதற்குத்தான் பின்னாளில் பாக்கெட் சுவிட்சிங் என்று பெயர் வைத்தார்கள். சந்திப்பில் நின்று 'நீ இந்தப் பக்கம் போ, நீ அந்தப் பக்கம் போ' என்று பிரித்துவிடுகிற கருவிக்கு ரூட்டர் என்று பெயர். ரூட்டருக்கும் முழு வழி தெரியாது. அடுத்த திருப்பம் வரை மட்டும் தெரியும். கடத்தல் கூட்டத்தில் யாருக்கும் முழு விவரம் தெரியக்கூடாது என்பது அதைவிடப் பழைய விதி.

சர்க்காருக்குக் கோபம் வந்தது. 1869இல் ஏலமலைக்கு ஒரு கண்காணிப்பாளரை நியமித்தார்கள். ஜான் டேனியல் மன்றோ, பீர்மேட்டுப் பக்கம் காப்பி போட்ட வெள்ளைக்காரர். தமிழில் சொன்னால் காவல்காரர், நெட்வொர்க் பாஷையில் ஃபயர்வால். ஃபயர்வாலின் வேலை எளிது: எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்த வாசல் வழியாக என்று மூன்று கேள்வி கேட்டு, கையில் இருக்கிற பட்டியலோடு ஒப்பிட்டு விடுவது அல்லது தடுப்பது. பட்டியலில் இல்லாத ஆட்டுப்பாதையைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. மன்றோ காவல் காத்த லட்சணத்தில், 1877இல் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து பக்கத்துக் கண்ணன் தேவன் மலைகளையே குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். மலையைச் சுற்றிப் பார்க்கச் சம்பளம் கொடுத்தால் மனுஷன் வேறென்ன செய்வார்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சர்க்கார் ஏகபோகத்தைக் கைவிட்டது. அன்றைக்குக் கடத்தல்காரர்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் வியாபாரிகள் ஆனார்கள்.

காயை இறக்கியாயிற்று. இனி விலையைச் சொல்லவேண்டும். காயைவிட விலை முந்திப் போனால்தான் வியாபாரம்.

இங்கே டாக்டர் வில்லியம் ஓஷாக்னசி வருகிறார். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர். 1839இல் இவர் இரண்டு ஆராய்ச்சி செய்தார். ஒன்று கஞ்சாவின் மருத்துவ குணம். வெள்ளைக்கார வைத்தியத்துக்குக் கஞ்சாவை முறைப்படி அறிமுகம் செய்துவைத்தவர் இவரே. இன்னொன்று, கம்பியில் மின்சாரத்தை ஓட்டிச் செய்தி அனுப்புவது. ஹூக்ளி ஆற்றுத் தண்ணீரையே சுற்றின் ஒரு பாதியாக வைத்துப் பார்த்தார். எந்த ஆராய்ச்சி எதைத் தூண்டியது என்று கேட்காதீர்கள்.

கம்பெனி முதலில் கண்டுகொள்ளவில்லை. டல்ஹவுசி காலத்தில்தான் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்குக் கம்பி இழுத்தார்கள். 1855இல் தந்தி பொதுஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அப்போதே ஆக்ரா, பம்பாய், சென்னை எல்லாம் கம்பியில் கட்டியாயிற்று. மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடிமனான இரும்புக் கம்பியை ஓஷாக்னசி பிடிவாதமாகக் கேட்டார். காரணம், குரங்கு தொங்கினாலும் அறுந்துவிடக் கூடாது. ஊடகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சூழலைப் பார்க்கவேண்டும் என்று பாடப்புத்தகம் ஒரு பத்தி எழுதுகிறது. டாக்டர் குரங்கைப் பார்த்தார், போதும்.

தந்தி என்பது இரண்டே எழுத்து: குட்டைத் தட்டு, நெட்டைத் தட்டு. நடுவே மௌனம். இன்றைய கம்ப்யூட்டருக்கும் அதே கதி, 0, 1. உலகத்து வசவு, வாழ்த்து, கல்யாணப் பத்திரிகை, கடன் நோட்டீஸ் எல்லாம் அந்த இரண்டில் அடக்கம். தபால் இலாகா வார்த்தைக் கணக்கில் காசு வாங்கியதால் ஜனங்கள் சுருக்கக் கற்றுக்கொண்டார்கள். இலாகாவே வாழ்த்துகளுக்கு எண் கொடுத்தது. தீபாவளிக்கு ஓர் எண், கல்யாணத்துக்கு ஓர் எண். எண்ணை மட்டும் தட்டினால் போதும், அந்தப் பக்கத்தில் முழு வாக்கியத்தையும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஃபைலைச் சுருக்குகிற ஜிப் வேலையைப் போஸ்ட்மாஸ்டர் அப்போதே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாபாரிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சங்கேதப் புத்தகம் அச்சடித்தார்கள். ஒரு வார்த்தைக்கு ஒரு வாக்கியம். காசும் மிச்சம், தந்தி ஆபீஸ்காரருக்கும் விஷயம் புரியாது. தடுக்கி விழுந்தால்தான் ஆபத்து. அமெரிக்காவில் பிரிம்ரோஸ் என்று ஒரு கம்பளி வியாபாரி இருந்தார். 1887இல் 'வாங்கியாயிற்று' என்று அர்த்தப்படுகிற ஒரு சங்கேதச் சொல்லைத் தன் ஏஜென்டுக்குத் தட்டச் சொன்னார். வழியில் ஒரே ஓர் எழுத்து மாறி அது 'வாங்கு' என்று போய்ச் சேர்ந்தது. ஏஜென்ட் கர்மசிரத்தையாக வாங்கித் தள்ளினார். நஷ்டம் 20,000 டாலர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1894இல் தீர்ப்பு: தந்திக் கட்டணம் 1 டாலர் 15 சென்ட் மட்டும் திருப்பிக் கிடைக்கும். ஏன்? செய்தியைத் திருப்பிப் படித்துக் காட்டச் சொல்ல ஒரு தனிக் கட்டணம் இருந்தது. வியாபாரி அதைக் கட்டவில்லை. படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். பொடி எழுத்தைப் படிக்காத நம் பரம்பரை அங்கே ஆரம்பம்.

நெட்வொர்க் கலையின் பாதி அந்தத் திருப்பிப் படிக்கிற கட்டணத்தில் இருக்கிறது. கம்பியை நம்பாதே, போய்ச் சேர்ந்ததா என்று கேள், சேர்ந்தது சரியாகச் சேர்ந்ததா என்றும் கேள்.

இதற்கிடையே பக்கத்துத் தேவிகுளம் பக்கம் ஒரு திடீர்ப் பணக்கார நெட்வொர்க் வந்து போனது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908இல் குறும்பாதை ரயில், அங்கிருந்து கம்பிவட ரோப்வேயில் தேயிலைப் பெட்டி கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு மாட்டுவண்டியில் போடிக்கு. 1924 வெள்ளம், மலையாளிகள் இன்றும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று சொல்கிறார்களே, அது ரயிலை அடித்துக்கொண்டு போனது. ரயில் திரும்பி வரவே இல்லை. மாற்று வழி இல்லாத ஒரே வழியை எஞ்சினியர்கள் ஒரு நீண்ட பெயரால் அழைத்துத் திட்டுவார்கள். ஆட்டுப்பாதைக்காரன் அந்தத் தப்பைச் செய்யமாட்டான்.

டெலிபோன் வந்தபோது மலைக்கு இன்னொரு தலைவலி வந்தது: ஆபரேட்டர்.

டிரங்க் கால் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு ஏதோ யானை சமாசாரம் என்று தோன்றும். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு முழுக் கம்பி காலியாகவேண்டும். கிடைத்தபிறகு நீங்கள் பேசினாலும், இருமினாலும், மறுமுனையில் மாமா சட்டை மாட்டிக்கொண்டு வந்தாலும், அந்தக் கம்பி உங்களுக்கே சொந்தம். மூன்று நிமிஷத்துக்கு ஒரு கணக்கு. இதைச் சர்க்யூட் சுவிட்சிங் என்கிறார்கள். தரம் நல்லது, சிக்கனம் சுத்தமாகக் கிடையாது.

அவசரக்காரர்களுக்கு வழி இருந்தது. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங். அர்ஜென்டுக்கு இரண்டு மடங்கு, லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. சாவுச் செய்திக்கும் ஏலக்காய் விலைச் செய்திக்கும் லைட்னிங் போட்டார்கள். எதற்கு அதிகம் போட்டிருப்பார்கள் என்று சொன்னால் போடிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். இன்றைய ரூட்டர்களிலும் இந்த மூன்று வரிசை இருக்கிறது. பேச்சுப் பாக்கெட்டுக்கு முன்னுரிமை, கிரிக்கெட் வீடியோவுக்கு அடுத்தது, உங்கள் மென்பொருள் அப்டேட் கடைசியில் சாவகாசமாக வரும்.

பி.பி. கால் என்று ஒன்று. எண்ணைப் போட்டால் ஒரு வீட்டுக்கோ கடைக்கோ போகும், ஆனால் பேசவேண்டியது கணக்கப்பிள்ளையோடு. 'குறிப்பிட்ட ஆளைக் கூப்பிடு' என்று சொல்லிக் கொஞ்சம் கூடக் காசு கொடுத்தால் அவர் வந்தபிறகே மீட்டர் ஓடும். கம்ப்யூட்டரில் ஐ.பி. முகவரி என்பது அந்தக் கடை. 0 முதல் 255 வரையான நான்கு எண்களின் கோவை, உலகத்துக்கே சுமார் 429 கோடிதான் தேறும், எப்போதோ தீர்ந்துபோய் இப்போது நீண்ட முகவரிகளுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். போர்ட் எண் என்பது கணக்கப்பிள்ளை. வெப்சைட்டுக்கு 80 அல்லது 443, மெயிலுக்கு 25. ஒரே கடையில் பல ஆட்கள், ஆளுக்கு ஒரு எண்.

இணைப்பு கிடைத்ததும் நடந்த உரையாடல் எல்லா ஊரிலும் ஒன்றே.

"அலோ, கேக்குதா?"

"கேக்குது. நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குது, சொல்லுங்கண்ணே."

இந்த மூன்று வரியும் முடியாமல் யாரும் விலை பேசமாட்டார்கள். இணையத்தில் ஒவ்வொரு டி.சி.பி. இணைப்பும் (அவர் பின்னால் வருகிறார்) இந்த மூன்று வரியில்தான் ஆரம்பிக்கிறது. மூன்றாவது வரி எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். முதல் இரண்டு வரியோடு நிறுத்தினால், இரண்டாவது ஆள் சொன்னது முதல் ஆளுக்குக் கேட்டதா என்று இரண்டாவது ஆளுக்குத் தெரியாது. அவ்வளவுதான் ரகசியம்.

ஆபரேட்டருக்கு வருவோம். உங்களுக்கு எப்போது இணைப்பு கொடுப்பது, எதிர்க்கடைக்காரருக்கு எப்போது கொடுப்பது, நடுவில் எவ்வளவு காதில் வாங்குவது எல்லாம் அவர் விருப்பம். இந்தச் சந்தேகம் நம் ஊரில் புலம்பலோடு நின்றது. அமெரிக்காவில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்ற சவப்பெட்டிக்காரருக்கு அது வெறியாக மாறியது. போட்டிச் சவப்பெட்டிக்காரரின் வீட்டுக்காரம்மா எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், நமக்கு வரவேண்டிய பிணமெல்லாம் அங்கே போகிறது என்று அவர் நம்பினார் என்பது கதை. ஆபரேட்டரே வேண்டாம் என்று தானே இணைப்புக் கொடுக்கிற எந்திரத்தைச் செய்து 1891இல் காப்புரிமை வாங்கிவிட்டார். உலகம் முழுக்க எண்ணைச் சுழற்றிப் பேசியதற்குக் காரணம் ஒரு வெட்டியான் தொழில் தகராறு. இந்தியாவில் ஆபரேட்டர் இல்லாமல் ஊர் விட்டு ஊர் பேசும் எஸ்.டி.டி. 1960இல் லக்னோ, கான்பூர் நடுவே வந்தது. மலையும் கிராமமும் காத்திருந்தன. சாம் பித்ரோடா என்ற எஞ்சினியர் வந்து 1984இல் சி-டாட் என்ற அரசு ஆராய்ச்சி நிலையத்தை ஆரம்பித்து, ஏ.சி. இல்லாமல் புழுதியிலும் புழுக்கத்திலும் ஓடுகிற 128 இணைப்பு எக்ஸ்சேஞ்ச் செய்த பிறகே மஞ்சள் போர்டு பூத்துகள் முளைத்தன. மெட்டுக்கு மேலே நெடுங்கண்டத்துக்கு 04868, கீழே போடிக்கு 04546. நடுவே எல்லைக்கோடு, இரண்டு பக்கமும் ஒரே சொந்தக்காரர்கள், எஸ்.டி.டி. பில்.

இப்போது அமெரிக்கா போகலாம், வேறு வழியில்லை. 1960களின் ஆரம்பம். அணுகுண்டு விழுந்தால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் முதலில் சாம்பலாகும், பிறகு உத்தரவு எப்படிப் போகும் என்று பால் பேரன் என்ற எஞ்சினியர் யோசித்தார். மையமே வேண்டாம், வலைபோல் கட்டு, செய்தியைத் துண்டு துண்டாக்கு, ஒவ்வொரு துண்டும் கிடைத்த வழியில் போகட்டும் என்று 1964இல் எழுதினார். டெலிபோன் கம்பெனிப் பெரியவர்கள் இது நடக்காது என்று கைவிரித்தார்கள். தனியாக இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பவரும் அதே யோசனைக்கு வந்து, அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயரிட்டார். இரண்டு பேருக்கும் ஏலமலை ஆட்டுப்பாதை தெரியாது.

1969 அக்டோபர் 29 இரவு. அந்த யோசனைப்படி கட்டிய வலையில் முதல் செய்தி. லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்ற மாணவர், வடக்கே மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபர்ட் ஆராய்ச்சி நிலையக் கம்ப்யூட்டருக்கு 'லாகின்' என்று தட்ட ஆரம்பித்தார். 'எல்' போனது. 'ஓ' போனது. மூன்றாவது எழுத்தில் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. இணையம் உலகத்துக்குச் சொன்ன முதல் வார்த்தை 'லோ'. அன்றைக்கு ஆரம்பித்த வழக்கத்தை நெட்வொர்க்குகள் இன்றும் விடவில்லை.

பிறகு 1974இல் விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் ஒரு விதிமுறை எழுதினார்கள். சில வருஷம் கழித்து அந்த வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். ஐ.பி. பொட்டலத்தை முகவரி பார்த்துத் தள்ளிவிடும். போய்ச் சேரும் என்று எந்த உத்தரவாதமும் தராது, சேராவிட்டால் வருத்தமும் படாது. டி.சி.பி. இரண்டு முனையிலும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, தொலைந்ததைத் திரும்பக் கேட்டு, வரிசை மாறி வந்ததை அடுக்கும். நடுவில் இருப்பவனை நம்பாமல் முனைகளில் புத்தியை வைத்த இந்த ஏற்பாடே இணையம் இவ்வளவு தூரம் பரவக் காரணம். சர்வதேசக் கமிட்டிகள் உட்கார்ந்து 1984இல் ஏழு அடுக்கு ஓ.எஸ்.ஐ. என்று ஒரு மாளிகை கட்டின. யாரும் குடிபோகவில்லை. பரீட்சைத் தாளில் மட்டும் பத்து மார்க்குக்கு வாழ்ந்துகொண்டிருக்கிறது.

இந்தியாவில் 1986இல் எர்நெட் என்ற கல்வி வலையை ஆரம்பித்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் பம்பாயில் இருந்த ஸ்ரீனிவாசன் ரமணி. 2014இல் இணையப் புகழ்மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். பொதுஜனங்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். வழியாகப் பெருநகரங்களில் கிடைத்தது. வேகம் வினாடிக்கு 9600 பிட். ஒரு மெகாபைட் இறங்கக் கால் மணி நேரம் ஆகும். மோடம் என்பது கம்ப்யூட்டரின் 0, 1-ஐ டெலிபோன் கம்பி தாங்குகிற கீச்சொலியாக மாற்றி, மறுபக்கம் கீச்சொலியை 0, 1 ஆக்குகிற மொழிபெயர்ப்பாளர். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இப்போது மூட்டுவலி ஆரம்பித்திருக்கும்.

ஏலமலைக்கு நெட்வொர்க் சம்பாதித்துக் கொடுக்க வந்தது 2007இல். அதுவரை ஏலக்காய் ஏலம் குரல் ஏலம். கத்துகிறவர் கத்துவார், சிலர் கத்தாமல் புருவத்தால் பேசுவார்கள். புருவம் கம்பியில்லாத் தொடர்பு, அதுவும் கடுமையான சங்கேதப் பூட்டுப் போட்டது. யார் யாரோடு கூட்டு என்று விவசாயிக்குத் தெரியாது. ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்து வியாபாரி முன் ஆளுக்கொரு கம்ப்யூட்டரை வைத்தது. சாம்பிள் காய் சுற்றி வரும், கையில் உருட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தவேண்டும். கீழே போடி, மேலே உடும்பஞ்சோலை தாலுகாவில் முதலில் வண்டன்மேடு, பிறகு புத்தடி.

ஏலக் கூடத்துக்குள் இருப்பது லேன், அதாவது உள்ளூர் வலை. எல்லாக் கம்பியும் நடுவில் இருக்கிற சுவிட்சுக்கு வரும். எந்தக் கம்பியில் எந்த எந்திரம் என்று சுவிட்ச் தானே கற்றுக்கொண்டு, செய்தியை உரியவருக்கு மட்டும் தரும். பழைய ஹப் அப்படியில்லை, ஒருவர் சொன்னதை எல்லோர் காதிலும் போடும். குரல் ஏலத்துக்கும் ஹப்புக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

2019 ஆகஸ்ட் 3 அன்று புத்தடியில் ஒரு கிலோ 7000 ரூபாய்க்குப் போனது. ஏலமலை அதுவரை பார்க்காத விலை. வருஷா வருஷம் நஷ்டக் கணக்கு எழுதியவர்கள் பேனாவை மாற்றினார்கள். நமக்கு வேண்டியது அந்த எண். கம்பியில் அது 1101101011000 என்று போகும். பதின்மூன்று பிட். இதில் முதல் 1 மட்டும் வழியில் 0 ஆனால் என்ன ஆகும்? 4096 கழிந்து விலை 2904 ஆகும். மழை பெய்து ஒரு இணைப்பு ஈரமானதற்கு விவசாயி பாதிக்கு மேல் இழப்பான்.

தடுக்க ஒரு பழைய தந்திரம். ஒன்றுகளை எண்ணுங்கள், ஏழு. ஒற்றைப்படை. கடைசியில் இன்னொரு 1 சேர்த்து எட்டாக்கி அனுப்புங்கள். அந்தப் பக்கம் எண்ணும்போது ஏழு வந்தால் எங்கோ ஒன்று விழுந்துவிட்டது, திருப்பி அனுப்பச் சொல்லலாம். இதற்கு பாரிட்டி என்று பெயர். இதற்கும் ஒரு பலவீனம். முதல் இரண்டு பிட்டும் சேர்ந்து விழுந்தால் விலை 856 ஆகிவிடும், ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்கும், சோதனைக்காரர் 'சரி' என்று கையெழுத்துப் போடுவார். தனியாகத் திருடுபவன் மாட்டுவான், கூட்டுச் சேர்ந்தவர்கள் தப்புவார்கள். ஆகவே சி.ஆர்.சி. என்ற கடுமையான வகுத்தல் கணக்கை இன்று ஒவ்வொரு பொட்டலத்தின் வாலிலும் வைத்து அனுப்புகிறார்கள். அதை ஏமாற்றுவது ரொம்பக் கஷ்டம். பிரிம்ரோஸுக்குக் கிடைக்காத வசதி.

2021 இறுதியில் போடியையும் புத்தடியையும் ஒரே ஏலமாகக் கட்டினார்கள். போடியில் உட்கார்ந்து மேலே நடக்கும் ஏலத்தில் விலை கேட்கலாம், மேலே உட்கார்ந்து கீழே கேட்கலாம். இரண்டு சொல்லை இங்கே பிரித்துக்கொள்ளவேண்டும். வினாடிக்கு எவ்வளவு அள்ளும் என்பது பட்டையகலம். ஒரு செய்தி போய்ச்சேர எவ்வளவு நேரம் என்பது தாமதம். ஏலத்துக்கு அகலம் தேவையே இல்லை, ஒரு விலைக்குப் பதின்மூன்று பிட் போதும். தாமதமே உயிர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 40 கிலோமீட்டர் கேபிளை 0.2 மில்லி செகண்டில் தாண்டிவிடும். ஆனால் பொட்டலம் நேராகப் போவதில்லை. எங்கோ தூரத்து ஊரில் இருக்கிற சர்வருக்குப் போய், வழியில் ரூட்டர் ரூட்டராக வரிசையில் நின்று, திரும்பி வருகிறது. மலை இறங்கினால் போடி, ஆனால் விலை போடிக்கு ஊர் சுற்றித்தான் வரும். மகாராஜா காலத்துக் காயும் இப்படித்தான் ஆலப்புழை சுற்றவேண்டியிருந்தது.

சரி, ஏலமலை இருக்கிற இடுக்கி மாவட்டத்துக்காரர்கள் மார் தட்டிக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. எல்லா ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் கட்டும் தேசியத் திட்டத்தை மத்திய அரசு 2011இல் அங்கீகரித்தது. ஊராட்சிக்கு 100 மெகாபிட் என்பது இலக்கு. வி.எஸ்.என்.எல். காலத்து வேகத்தைப்போல் பத்தாயிரம் மடங்கு. 2015 ஜனவரியில் அந்தத் திட்டத்தில் முழுதாக இணைந்த இந்தியாவின் முதல் மாவட்டம் இடுக்கி. பெங்களூர் இல்லை, ஹைதராபாத் இல்லை, அட்டையும் யானையும் உலவுகிற இடுக்கி.

இழை ஊராட்சி ஆபீஸ் வரை வந்தது. அங்கிருந்து தோட்டத்து லயம் வரை யார் இழுப்பது? கடைசி மைல் என்று இதை நாசூக்காகச் சொல்வார்கள். 2021இல் கொரோனாவால் பள்ளிக்கூடம் செல்போனுக்குள் இருந்தபோது, ராஜமலைப் பக்கத்து எஸ்டேட் பிள்ளைகள் இரவிகுளம் வரையாட்டுப் பூங்காச் சாலையோரம் போய்க் குடை பிடித்து உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். சிக்னல் அங்கேதான் எட்டியது. இந்தியாவின் முதல் அகலப்பாட்டை மாவட்டத்தில் வரையாட்டுக்குக் கிடைத்த நெட் பத்தாங்கிளாஸ் பிள்ளையின் வீட்டில் கிடைக்கவில்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. காரணம் தொழில்நுட்பம் கிடையாது. கோபுரம் வைத்தால் எத்தனை பேர் ரீசார்ஜ் செய்வார்கள் என்ற கணக்கு மட்டுமே. தேயிலைத் தோட்டத் தினக்கூலியை வைத்துப் போட்டால் அந்தக் கணக்கு என்றைக்கும் நஷ்டத்தில்தான் முடியும்.

2023 ஜூன் 5 அன்று கேரள அரசு கே-ஃபோன் என்ற தன் சொந்த இழை வலையைத் தொடங்கிவைத்தது. ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று அறிவிப்பு. பத்து நாள் கழித்து, ஜூன் 15 அன்று, அகலப்பாதை வேலைக்காகப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் நின்றிருந்த ரயில் போடிக்குத் திரும்பி வந்தது. பிட்டும் மூட்டையும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன. கே-ஃபோன் இழை பெரும்பாலும் மின்வாரியக் கம்பங்களில்தான் தொங்கிக்கொண்டு மலையேறுகிறது. காற்றில் மரம் சாய்ந்து கம்பம் விழுந்தால் கரண்டும் நெட்டும் கைகோத்துப் போகும். ஆகவே ஏலமலையில் காய் வைத்திருப்பவர்களே, இடவப்பாதி மழை பிடிப்பதற்கு முன்னால் புத்தடி விலையைப் போனில் கேட்டு, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டச் சொல்ல மறக்காதீர்கள், இப்போது அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.